பன்னிரண்டாம் அறைக்கு ஒரு கோல்

1. போர்டுக்கு முன்னால்

"பிள்ளை, இந்தப் போர்டிலை கை வைச்சால் வாயைச் சுருக்க வேணும். உமக்கு அது ஏலுமோ?"

வேலையில் சேர்ந்த அன்று மனேஜர் எனக்குச் சொன்ன முதல் வசனம் இதுதான். எனக்கு வாய் நீளம் என்பது நேர்முகப் பரீட்சையிலேயே அவருக்குத் தெரிந்துபோயிருந்தது. "ஹோட்டலிலை பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன வேலையெண்டு வீட்டிலை கேக்கேல்லையோ?" என்று கேட்டிருந்தார். "கேட்டவை. பிறகு சம்பளத்தையும் கேட்டவை" என்றேன். சிரித்துவிட்டு வேலையைத் தந்தார்.

யாழ்ப்பாணம் டவுனில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட மூன்று மாடிக் கட்டடம். ஆகப் பெரிய ஹோட்டலும் இல்லை, மூட்டைப்பூச்சி லொட்ஜும் இல்லை. மருந்துக் கொம்பனி ரெப்மார், வங்கிக் கணக்குப் பார்க்க வருகிறவர்கள், கலியாணத்துக்கு வந்த கொழும்புச் சொந்தங்கள், இப்படியான ஆட்கள் வந்து தங்குவார்கள். ரிசெப்ஷனுக்குப் பக்கத்தில் என் ரெலிபோன் போர்ட். வெளியிலிருந்து கோல் வந்தால் ஒரு சின்னத் தகடு "டக்" என்று கீழே விழும். நான் வயரைச் செருகி, ஆள் யாரென்று கேட்டு, அந்த அறையின் துளையில் மற்ற வயரைச் செருகி, சாவி என்று நாங்கள் சொல்லும் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்திப் பிடித்திருக்கும் வரைக்கும்தான் அறையில் மணி அடிக்கும். படுக்கையிலும் போனைப் பக்கத்தில் வைத்திருக்கும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியிருக்கிறது. என்ன செய்ய?

வெளிநாட்டுக் கோல் எல்லாம் கொழும்பு ஓவர்சீஸ் எக்ஸ்சேஞ்ச் வழியாகத்தான் வரும். அங்கே இருக்கும் ஓப்பரேட்டர்மாரோடு நான் ஆங்கிலத்தில் கதைப்பேன், அதுவும் வேலைக்கு வேண்டிய அளவு மட்டும். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் என் அண்ணை கொழும்பிலிருந்து கப்பலில் உடுத்த உடுப்போடு வந்து இறங்கினார். அதற்குப் பிறகு கொழும்புக் குரல் எதைக் கேட்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முகம் தெரியாத ஆட்கள்மேல் கோபப்படுவது சரியா பிழையா என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

பொடியன்கள் கூட்டம் கூட்டமாக வெளிநாடு போகத் தொடங்கிய காலம் அது. ரெலிபோன் உள்ள வீடுகள் குறைவு. ஊரில் பாதி எங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்து ரிசெப்ஷனில் காத்திருக்கத் தொடங்கியது. கடைசியில் மனேஜர் ஒரு சட்டம் போட்டார். அறை எடுத்துத் தங்குகிறவர்களுக்கு மட்டும்தான் வெளிக் கோல்.

2. பின்வாசல் ஆள் முன்வாசலால்

தம்பையா அண்ணை அச்சுவேலித் தோட்டக்காரர். எங்கள் குசினிக்கு வெங்காயமும் கத்தரிக்காயும் கொண்டு வருகிறவர். சைக்கிள் கரியரில் சாக்கைக் கட்டிக்கொண்டு பின்வாசலால் வருவார், பின்வாசலால் போவார். நான் சேருவதற்கு வெகு காலம் முந்தியே அவர் அப்படித்தான்.

ஒரு புதன்கிழமை காலையில் அதே மனிதர் வெளுத்த வேட்டி, சால்வையோடு முன்வாசலில் நிற்கிறார். பக்கத்தில் அவருடைய மனைவி பாக்கியம் அக்கா, கையில் ஒரு பனையோலைப் பெட்டியுடன். கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் இரண்டு பேரும் நிற்பதைக் கண்டு நான் எழும்பிப் போனேன்.

"என்னண்ணை, வெங்காயம் இண்டைக்கு இந்தப் பக்கத்தாலையோ?"

"இல்லைப் பிள்ளை. அறை ஒண்டு வேணும்."

அவர்களுடைய ஒரே மகன் நேசன் ஜெர்மனிக்கென்று வெளிக்கிட்டு ஒரு வருடத்துக்கு மேல். ஒரு சத்தமும் இல்லை. கூடப் போனவர்கள் கடலில் மூழ்கிப்போய்விட்டார்கள் என்று ஒரு கதை, எங்கேயோ மறியலில் அடைபட்டிருக்கிறார்கள் என்று இன்னொரு கதை. போன கிழமைதான் பக்கத்து வீட்டுக்காரருக்கு யாரோ சொல்லி, அவர் இவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்: நேசன் இருக்கிறானாம், புதன் அல்லது வியாழன் பின்னேரம் இந்த ஹோட்டலுக்குக் கோல் எடுப்பானாம்.

"ஏன் எங்கடை நம்பருக்கு?"

"வருசப் பிறப்புக்கு நீங்கள் தாற கலண்டர் எல்லோ வீட்டிலை தொங்குது. அவன் சின்னனிலையிருந்து அதுக்குக் கீழை இருந்துதான் படிச்சவன். அவனுக்குப் பாடமான நம்பர் அது ஒண்டுதான்" என்றார் தம்பையா அண்ணை.

பாக்கியம் அக்கா குறுக்கிட்டார். "ஆள் இருக்கிறானெண்டு ஆயிரம் பேர் சொல்லுவினம் பிள்ளை. அவன்ரை குரலைக் கேட்டால்தான் நான் நம்புவன்."

மனேஜர் வெளியே வந்தார். "தம்பையா, நீர் எங்கடை ஆள். அறையும் கிறையும் எடுக்கத் தேவையில்லை. சும்மா இதிலை இரும்."

"சட்டமெண்டால் சட்டம்தானே ஐயா. மற்றச் சனம் வெளியிலை நிக்க நாங்கள் மட்டும் உள்ளுக்கை இருக்கிறதோ? அறையைத் தாங்கோ."

பன்னிரண்டாம் அறையைக் கொடுத்தேன். அறைகளைப் பார்க்கும் துரைராசா அண்ணை அவர்களைக் கூட்டிக்கொண்டு மேலே போனார். கொஞ்ச நேரத்தில் தலையில் கை வைத்தபடி இறங்கி வந்தார். "கட்டிலிலை ஏற மாட்டினமாம். பாய் கேக்கினம். இந்த ஹோட்டலிலை பாய்க்கு நான் எங்கை போறது?"

அன்று பின்னேரம் முழுக்கத் தகடு விழும்போதெல்லாம் என் கை பன்னிரண்டாம் துளைக்குப் போனது. விழுந்ததெல்லாம் மருந்துக் கொம்பனிக் கோல்கள்.

வியாழன் காலையில் இன்னொரு கூத்து. இரண்டாம் மாடி விறாந்தைக் கம்பியில், பெரிய வீதியைப் பார்த்தபடி, ஹோட்டல் பெட்ஷீற் இரண்டும் காய்கின்றன! பாக்கியம் அக்கா விடிய எழும்பி அறையைக் கூட்டி, பெட்ஷீற்றைத் தோய்த்து விரித்துவிட்டார். மனேஜர் குதித்தார். துரைராசா அண்ணை, "என்ரை வேலையையும் பறிச்சுப்போட்டா" என்று புலம்பினார்.

நான் மேலே போய்க் கேட்டேன். "ஏனக்கா, அதிலை நீங்கள் படுக்கவுமில்லையே?"

"நாங்கள் இருந்த அறையின்ரை துணி பிள்ளை. எங்கடை ஊத்தையை இன்னொருத்தர் தோய்க்க விட்டிட்டுப் போறதோ?"

அந்த அறையில் அவர்கள் ஒரு சாமானையும் பாவிக்கவில்லை. கதிரை இருக்க நிலத்தில் இருந்தார்கள். ஃபான் போடவில்லை. தண்ணீருக்கு வைத்த கிளாஸ் கவிழ்த்தபடியே இருந்தது. கொண்டுவந்த செம்பில்தான் குடித்தார்கள். அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "பின்னேரம் ரெண்டு பேரும் அறையிலையே இருங்கோ, கோல் வந்தால் அங்கை தருவன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

3. மணி அடிக்கிறது

தேத்தண்ணி வேளைக்குத் தகடு விழுந்தது. கொழும்பு. ஒரு பெண் ஓப்பரேட்டர். "ஜெர்மனியிலிருந்து கோல். திரு. தம்பையா இருக்கிறாரா?"

வயரைப் பன்னிரண்டில் செருகிச் சாவியை அழுத்தினேன். மேலே மணி அடிப்பது படிக்கட்டு வழியாக எனக்கே கேட்டது. அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"பதில் இல்லையா மிஸ்?" என்றாள் கொழும்புக்காரி.

"இருக்கினம்! அறையிலைதான் இருக்கினம்!" பதற்றத்தில் தமிழில் கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற மனேஜரின் கையைப் பிடித்துச் சாவியின்மேல் வைத்தேன். "விட்டிடாதையுங்கோ சேர்!" சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியில் ஓடினேன்.

அறைக் கதவு திறந்துதான் கிடந்தது. நான் கண்ட காட்சியை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு புல்லரிக்கிறது. ரெலிபோன் சின்ன மேசையில் இருந்து அலறுகிறது. அதற்கு முன்னால் இரண்டு பேரும் எழும்பி நிற்கிறார்கள். தம்பையா அண்ணை சால்வையைத் தோளிலிருந்து எடுத்து, கோயிலில் கட்டுவது போல இடுப்பில் கட்டியிருக்கிறார். பாக்கியம் அக்காவின் இரண்டு கையும் நெஞ்சில் கூப்பியபடி.

"எடுங்கோ அண்ணை! உங்கடை பிள்ளை!"

"எங்களுக்கோ?" என்றார் அவர். முகம் வெளிறிவிட்டது. "ஹோட்டல்ரை போன் எல்லோ பிள்ளை. ஆரும் பெரியாக்களுக்கு வாறதாக்கும், ஹோட்டல்காரர் வந்து எடுப்பினமெண்டு..."

நான் பாய்ந்து எடுத்தேன். இரைச்சல் மட்டும்தான். லைன் போய்விட்டது.

பாக்கியம் அக்கா அழவில்லை. கூப்பிய கையைக் கீழே விட்டார். "அப்ப அது அவனில்லை. என்ரை பிள்ளையெண்டால் நான் வருமட்டும் வைச்சிருக்க மாட்டானோ?" என்றார். அதை அவர் அவ்வளவு அமைதியாகச் சொன்னதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது.

4. கொழும்புக்காரி

கீழே ஓடிவந்து கொழும்பை எடுத்தேன். நல்லகாலம், அவளே கிடைத்தாள். நான் வாயைத் திறக்க முந்தியே அவள் ஆங்கிலத்தில் கடகடவென்று சொன்னாள்.

"மிஸ், அவர் வைக்கவில்லை. லைன்தான் விழுந்தது. ஜெர்மனி ஓப்பரேட்டரைப் பிடித்து அவருக்குச் சொல்லச் சொல்லியிருக்கிறேன், உங்கள் அம்மா படியேறி வருகிறா, வயது போனவ, மூச்சு வாங்குகிறது, பூத்தை விட்டு எங்கேயும் போகவேண்டாம் என்று. திரும்ப எடுக்கப் பார்க்கிறேன். நீங்களும் போர்டை விட்டு அசையாதீர்கள்."

அம்மா என்று ஒருவர் இங்கே இருப்பதும், எங்கள் ஹோட்டலில் படி இருப்பதும் அவளுக்கு எப்படித் தெரியும்? ஒன்றும் தெரியாது. அந்தப் பொடியன் போய்விடக்கூடாது என்பதற்காக அந்த இடத்திலேயே கட்டிச் சொன்ன கதை. நான் இரண்டு வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு கதைத்த கொழும்புக் குரல்களில் அதுவும் ஒன்று.

இரண்டு பேரையும் கீழே கூப்பிட்டுப் போர்டுக்குப் பக்கத்தில் இருத்தினோம். சேதி குசினி வரைக்கும் போய்விட்டது. சமையல்காரர் கரண்டியோடு வந்து நின்றார். ரிசெப்ஷனில் இருந்த வங்கிக்காரர் ஒருவர் பேப்பரை மடித்து வைத்தார். மனேஜர் றேடியோவை நிற்பாட்டினார், பிறகு தலைக்கு மேலே சுழன்ற ஃபானையும் நிற்பாட்டினார். புழுக்கத்தில் எல்லோருக்கும் வியர்த்து ஊற்றியது.

தகடு விழுந்தது.

"கதையுங்கோ அக்கா" என்று ரிசீவரைக் கொடுத்தேன். வழக்கமாக இணைத்தவுடன் என் ஹெட்செற்றைக் கழற்றிவிட வேண்டும். அன்று கழற்றவில்லை. யார் என்ன சொன்னாலும் கழற்றியிருக்க மாட்டேன்.

பாக்கியம் அக்கா தோட்டத்தின் மற்ற அந்தலையில் நிற்கும் ஆளைக் கூப்பிடுவது போலக் கத்தினார். "ஆர் கதைக்கிறது?"

"அம்மா, நான் நேசன்."

"நேசனெண்டு ஆரும் சொல்லலாம். எங்கடை கிணத்தடியிலை உடைஞ்சு கிடக்கிறது என்ன?"

எனக்கு விசர் பிடித்தது போல இருந்தது. இவ்வளவு பாடுபட்டு எடுத்த கோலில் சோதினை வைக்கிறா! லைனில் கடல் இரைவது போல ஒரு இரைச்சல்.

"அம்மி... அம்மியம்மா. நான்தான் பிரட்டி விழுத்தி உடைச்சனான். நீங்கள் ஈர்க்குக்கட்டாலை அடிச்சனீங்கள்."

"எந்தக் காலிலை அடிச்சனான்?"

"காலிலை இல்லையம்மா. முதுகிலை."

பாக்கியம் அக்கா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். ரிசீவர் மட்டும் காதை விட்டு விலகவில்லை. "ஓம். இவன்தான். என்ரை பிள்ளைதான். இருக்கிறான்!" சமையல்காரர் கரண்டியைப் பிடித்த கையாலேயே கண்ணைத் துடைத்தார். மனேஜர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். பிறகு அந்த மனிசி பேசிய பேச்சு! ஏனடா ஒரு சொல்லுச் சொல்லேல்லை, அறுவானே, நாங்கள் செத்துப் பிழைச்சம் என்று திட்டித் தீர்த்தார். அந்தப் பக்கம் பிள்ளை சிரிக்கிறான், அழுகிறான்.

தம்பையா அண்ணை ரிசீவரை இரண்டு கையாலும் வாங்கினார். பிறகு சொன்னார், "தம்பி, நான் அப்பா. ஹோட்டலிலை நிக்கிறன். முன்வாசலாலை வந்தனான்ரா."

அந்த நேரம் பார்த்துக் கொழும்பு ஓப்பரேட்டர் ஆங்கிலத்தில் இடையில் வந்தாள். "மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது." நேசன் கட்டின காசு அவ்வளவுக்குத்தான். தம்பையா அண்ணை ஆங்கிலக் குரலைக் கேட்டுப் பயந்து ரிசீவரை மனைவியிடம் நீட்டிவிட்டார். "ஆர் பிள்ளை அது? வைக்கட்டோ?" என்று பாக்கியம் அக்கா அவளிடமே கேட்டார்.

அந்தக் குரல் சொல்லுச் சொல்லாகத் தேடி எடுத்துத் தமிழில் சொன்னது. "அம்மா... பேசுங்க."

அதற்குப் பிறகு அவள் குறுக்கே வரவில்லை. வெட்டவும் இல்லை. தாயும் மகனும் கதைத்து முடித்து, அவர்களாகவே வைக்கும் வரைக்கும் அந்த லைனைப் பிடித்திருந்தாள்.

நான் நன்றி சொல்லிப் பெயரைக் கேட்டேன். "அடுத்த கோல் காத்திருக்கிறது மிஸ்" என்று சொல்லிப் போய்விட்டாள். என் கோபம் அன்றோடு முழுக்க ஆறிவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அதற்குப் பிறகு கொழும்பு லைனில் யார் வந்தாலும் நான் முதலில் வணக்கம் சொன்னேன்.

5. நான் படித்தது

அடுத்த கிழமை தம்பையா அண்ணை சாக்கோடு பின்வாசலில் நின்றார். "முன்னாலை வாங்கோவன் அண்ணை" என்றேன். "இண்டைக்கு நான் வெங்காயக்காரனெல்லோ" என்று சிரித்தார். இரண்டு பிடி வெங்காயம் தனியாகக் கட்டித் தந்தார். ஒன்று எனக்கு, மற்றது "லைனிலை வந்த அந்தப் பிள்ளைக்கு". பாக்கியம் அக்கா கொடுத்துவிட்டதாம். கொழும்புக்குப் போன ஒரு ரெப்பிடம் கொடுத்து, எக்ஸ்சேஞ்சில் விசாரித்துக் கொடுக்கச் சொன்னேன். போய்ச் சேர்ந்ததோ, அந்த ரெப் வீட்டுக் குழம்பில் போனதோ தெரியாது.

அன்றிலிருந்து யாருக்கு அறைச் சாவி கொடுத்தாலும் ஒரு வசனம் சேர்த்துச் சொல்லுவேன். "அறையிலை மணி அடிச்சால் அது உங்களுக்குத்தான். எடுங்கோ." சில பேர் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். இதைக்கூடவா சொல்ல வேண்டும் என்று ஒரு டொக்டர் கேட்டார். ஓம், சொல்ல வேண்டும். தாங்கள் இருக்கும் அறையில் அடிக்கும் மணிகூடத் தங்களுக்கில்லை என்று நினைக்கிற சனம் எங்கள் ஊரில் நிறைய இருந்தது. சண்டையில் லைன்கள் எல்லாம் செத்துப்போய், போர்ட் ஊமையாகி, நான் அந்த வேலையை விடும் வரைக்கும் அதைச் சொன்னேன்.

சில மாதங்கள் கழித்து அவர்கள் இரண்டு பேரும் திரும்ப வந்தார்கள். அதே பன்னிரண்டாம் அறை. நேசன் எடுக்க இன்னும் நேரம் இருந்தது. எனக்கு மனம் பொறுக்கவில்லை. சோதித்துப் பார்ப்போம் என்று வயரைச் செருகிச் சாவியை அழுத்தினேன். முதல் மணி முழுதாக அடித்து முடியவில்லை.

"ஓம், பாக்கியம் கதைக்கிறன்! ஆர் அது?"

"நான்தான் அக்கா, கீழையிருந்து. சும்மா எடுத்துப் பாத்தனான்."

"சும்மாவெண்டாலும் எடு பிள்ளை" என்றார். "எடுக்கத்தானே இதை இஞ்சை வைச்சிருக்கு."