புள்ளி வைத்த முட்டைகள்

முட்டையைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் நாற்பத்தாறு வயது வரை நினைத்திருந்தேன். நாமக்கல்லில் என் அப்பா நடத்தியது கோழிக்குஞ்சு பொரிப்பகம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கு அங்கேதான் வேலை: தட்டுத் தட்டாக முட்டைகளைத் திருப்பி வைப்பது. திருப்பாமல் விட்டால் கரு ஓட்டின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டு செத்துவிடும். டெக்சஸுக்கு வந்து இருபது வருடமாகக் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் என் மண்டைக்கனம் குறையவே இல்லை.

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. ஆலன் என்கிற எங்கள் ஊரில் தெருப் பிள்ளைகளெல்லாம் நாய் கேட்டபோது இவள் பச்சோந்தி கேட்டாள். அரசியல்வாதிகளைத் திட்டுவதற்குத் தவிர வேறெதற்கும் அந்தச் சொல்லை நான் பயன்படுத்தியதில்லை. "ஏனுங்க, பல்லியக் கண்டாலே எனக்கு ஒதறலெடுக்கும், இதுல ஓணானை வேற வீட்டுக்குள்ள உடறதா?" என்று என் மனைவி ஒரு மாதம் மறுத்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பெண் பச்சோந்தி வந்து, ஹாலில் வலைக்கூண்டுக்குள் உட்கார்ந்து, ஒரு கண்ணால் என்னையும் இன்னொரு கண்ணால் டிவியையும் பார்க்க ஆரம்பித்தது.

வந்த ஒரு மாதத்தில் அது மண்ணைத் தோண்டி முட்டையிட்டது. கடையில் இருந்தபோதே ஆணோடு சேர்ந்திருக்க வேண்டும். மொச்சைக்கொட்டை அளவில், வெள்ளையாக, இருபத்தேழு முட்டைகள். பிரியாணி வாங்கி வந்த மூடி போட்ட டப்பா ஒன்றில், செடித்தொட்டிக்குப் போடும் வெர்மிகுலைட்டை ஈரமாக்கிப் பரப்பி, மகள் அவற்றைப் பாதி புதைத்து வைத்தாள். ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. டப்பா அவள் அறையில் துணி மாட்டும் க்ளோசெட்டுக்குள் போனது. பொரிய ஏழெட்டு மாதம் ஆகும் என்றாள். "கோழிக்கெல்லாம் இருபத்தோரு நாள்தான்" என்றேன். நான் சொன்னதை அவள் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளி ஆர்கெஸ்ட்ராவோடு ஐந்து நாள் வெளியூர் கிளம்பினாள். "அப்பா, ஜஸ்ட் செக் தி டெம்பரேச்சர். ப்ளீஸ் டோன்ட் டச் எனிதிங்" என்று வாசலில் நின்று சொன்னாள். சரி என்று தலையாட்டினேன்.

அவள் போன அன்றைக்கே டப்பாவைத் திறந்தேன். புள்ளிகளைப் பார்த்ததும் பூரித்துப் போனேன். பொரிப்பகத்தில் கையால் திருப்பும் முட்டைகளுக்கு நாங்களும் ஒரு பக்கம் பென்சில் குறி போடுவோம், எது திரும்பியது, எது திரும்பவில்லை என்று தெரிவதற்காக. யாரும் சொல்லித்தராமல் பிள்ளைக்கு இது வந்திருக்கிறதே, ரத்தம் பேசுகிறதே என்று நினைத்தேன். தொடாதே என்றது தொடத் தெரியாதவர்களுக்கு, எனக்கல்ல. ஆபீஸ் வேலை எனக்கு வீட்டிலிருந்தேதான்; காலை மீட்டிங் முடிந்ததும் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று இருபத்தேழையும் இரண்டு விரலால் பதமாகத் திருப்பினேன். ஐந்து நாளில் ஒரு வேளை தப்பவில்லை. அவ்வளவு சிரத்தையாக ஆபீஸ் வேலையைக்கூட நான் பார்த்ததில்லை.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸிலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, தி டாட்ஸ் ஆர் ஸ்டில் ஆன் டாப், ரைட்?"

"ஏன் கண்ணு கேக்கற?"

"பிகாஸ் இஃப் தே ஃப்ளிப், தி பேபி குட் டை. இட்ஸ் நாட் லைக் சிக்கன்ஸ்."

பச்சோந்தி முட்டையில் கரு மேல்பக்கம் ஒட்டிக்கொண்டுதான் வளருமாம். தலைகீழாக்கினால் உள்ளேயே மூச்சு முட்டிப் போகுமாம். போனை வைத்துவிட்டு மாடிக்கு ஓடி, எல்லாப் புள்ளிகளையும் மேலே கொண்டுவந்தேன். அதாவது, இன்னொரு தடவை திருப்பினேன். வந்ததும் வராததுமாக அவள் டப்பாவைத் திறந்து பார்த்து, "தேங்க்ஸ் அப்பா!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

மனைவியிடம் மட்டும் சொன்னேன். "நீங்களே போய் அவகிட்டச் சொல்லிப்போடுங்க. நாஞ் சொல்ல மாட்டேன், மறைக்கவும் மாட்டேன்" என்றாள். நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று மாதம் தள்ளினேன். ஒருவேளை ஒன்றும் ஆகாமலே போய்விட்டால் சொல்ல வேண்டியதே இல்லையே என்கிற கோழைத்தனம்தான்.

ஜனவரியில் முட்டைகள் கெட ஆரம்பித்தன. மஞ்சள் தட்டும், குழி விழும், பூஞ்சை பிடிக்கும். மகள் ஸ்பூனால் ஒவ்வொன்றாக எடுத்து டிஷ்யூவில் சுற்றிக் கொல்லைப்புறத்தில் புதைத்துவிட்டு வருவாள். ஒன்பது போயிற்று. ஒரு நாள் துணி மடித்து வைக்க அவள் அறைக்குப் போனபோது மேசையில் அவளுடைய நோட்டு திறந்து கிடந்தது. 'டூ மச் வாட்டர். மை ஃபால்ட்.' கெட்டுப்போன ஒவ்வொரு முட்டைக்கும் தனித்தனியாக, ஒன்பது தடவை அதையே எழுதியிருந்தாள்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் சொன்னேன். எதனால் கெட்டது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் என் கையாலும் இருக்கலாம் என்றேன். அவள் தோசையைப் பிய்ப்பதை நிறுத்தினாள்.

"யூ நியூ? யூ லெட் மீ திங்க் இட் வாஸ் மீ?"

தட்டை சிங்க்கில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். முட்டையைத் திருப்பியதை அவள் அன்றைக்கே மன்னித்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு அவள் ஒவ்வொன்றாகப் புதைத்ததை நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேனே, அதற்கு நானே என்னை மன்னிக்கத் தயாராக இல்லை.

அதற்குப் பிறகு "அப்பா, கேன் யூ..." என்று ஆரம்பிக்கும் பேச்சு வீட்டில் நின்றுபோனது. எது வேண்டுமானாலும் அம்மாவிடம் கேட்டாள். வயலின் வகுப்புக்கு நான்தான் டிரைவ் பண்ணுவேன். போகவர நாற்பது நிமிடம் ஹெட்ஃபோனோடு ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பாள். நான் ஏதாவது செய்து முடித்துவிட்டதாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு, பிறகு தானே போய் ஒரு தடவை சரிபார்ப்பாள். கேஸ் அடுப்பை அணைத்தேன் என்றாலும் சரி, கூண்டுக்குத் தண்ணீர் தெளித்தேன் என்றாலும் சரி. நான் வாங்கிக்கட்டிக்கொண்டது, யாரைச் சொல்ல?

மே மாதம் ஒரு காலை, பையை மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். மனைவி ஏற்கெனவே வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். "தே ஆர் ஸ்வெட்டிங். சம்படி ஹேஸ் டு வாட்ச்" என்றாள். பொரிவதற்கு முன் முட்டைகளில் வியர்வை மாதிரி நீர் முத்து முத்தாகக் கோக்கும், அதைத்தான் சொல்கிறாள். அந்த சம்படி நான்தான், வீட்டில் வேறு ஆளில்லை. இந்தத் தடவை தொடாதே என்று சொல்லாமலே பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு க்ளோசெட் தரையில் போய் உட்கார்ந்தேன். பதினோரு மணிக்கு ஒரு முட்டையின் நுனி கீறியது. ஒரு மூக்கு வெளியே வந்தது. அதோடு சரி, அசையவில்லை. பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. ஓட்டில் சிக்கிய எத்தனையோ குஞ்சுகளை நகத்தால் கீறி வெளியே எடுத்த விரல்கள் இவை, பரபரவென்று துடித்தன. உதவாமல் விட்டுச் செத்துப்போனால் அதற்கும் நான்தானே காரணம் என்று தோன்றியது. தொட்டால் மட்டும் என்ன ஆகிவிடும், யாருக்குத் தெரியப்போகிறது என்றும் தோன்றியது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். மீட்டிங்கில் என்னை என்னவோ கேட்டார்கள். ம்யூட்டை எடுக்கக் கையில்லாமல் கேள்வி அப்படியே போயிற்று.

நாலேகாலுக்குப் படி தடதடக்க ஓடி வந்தாள். குட்டி அதே மாதிரி மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"டிட் யூ டச் இட்?"

"இல்ல கண்ணு."

டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாள், புள்ளிகளை எண்ணுவாள் என்று காத்திருந்தேன். அவள் "ஓகே அப்பா" என்றாள். பையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த நெருக்கடியான இடத்தில் என்னை இடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

குட்டி ஓட்டை விட்டு வெளியே வந்தது அதற்கும் அரை மணி நேரம் கழித்துத்தான். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அதைப் பார்த்துத்தான் நான் அழுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.