நோயாளிக்குக் கொடுத்தனுப்பிய துணி

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று நாற்பதுக்கு என் மகள் போனில் சிரித்தாள். எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கியது அப்போதுதான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவது எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு, மூன்றரை முதல் நாலு வரை, அவ்வளவுதான் எங்களுக்கு. அதனால் நேரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவள் கன்னியாஸ்திரி. அப்போது மடகாஸ்கரில் இருந்தாள். அதற்கு முந்தைய மாதம் போன் வரவில்லை. ஏன் என்று கேட்டேன். அதற்குத்தான் சிரித்தாள்.

"மலேரியாம்மா. பதினோரு நாள் படுத்துட்டேன். இப்ப ஒண்ணும் இல்ல, நல்லாத் தின்னுகினு இருக்கேன்."

"பதினோரு நாளா? ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"ஆஸ்பத்திரிக்குக் கால்வாய்ல படகு புடிச்சிப் போவணும்மா. அரை நாள் ஆவும். இங்கியே மாத்திரை இருந்துச்சி."

"யாரு பாத்துகிட்டா?"

"நேனிதான். எம் பக்கத்துலயே பாய் போட்டுப் படுத்துகினாங்க."

"நேனின்னா யாரு?"

"மடத்துல துணி தொவைக்க வர்றவங்கம்மா. இங்க நேனின்னா அம்மா. எல்லாரும் அவங்கள அப்பிடித்தான் கூப்புடுவோம். காய்ச்சல்ல நான் தமிழ்லதான் உளறினேனாம். தண்ணி, தண்ணின்னு கேட்டேனாம். இப்ப அவங்களுக்குத் தண்ணின்னா தெரியும். அம்மான்னாலும் தெரியும்."

அவள் அதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னாள். நானும் சிரித்த மாதிரி ஏதோ சத்தம் போட்டேன். என் பெண் அம்மா என்று கூப்பிட்டிருக்கிறாள், வேறொருத்தி எழுந்து வந்திருக்கிறாள். மலேரியாவை விட அதுதான் என்னைத் தின்றது என்று இன்றைக்கு எழுத முடிகிறது. அன்றைக்கு அதை எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. கல்லூரி முடித்த வருடம் மடத்தில் சேருகிறேன் என்றபோது அழுதேன், பிறகு பங்குக் கோயிலில் எல்லோரும் வாழ்த்தியபோது பெருமையாகவும் இருந்தது. திருச்சி, கும்பகோணம் என்று இருந்தவரை பயமில்லை. பஸ் ஏறினால் பார்த்துவிடலாம். மடகாஸ்கருக்கு அவளே கேட்டுப் போனாள். "பிரெஞ்சு பேசற ஊருதானே, என்னா கஷ்டம்?" என்றேன், அதெல்லாம் எனக்குத் தெரியும் என்பதுபோல. போன பிறகுதான் தெரிந்தது, அவளை அனுப்பிய கிராமத்தில் பிரெஞ்சு மடத்துச் சுவரைத் தாண்டாது. ஊர் பேசுவது மலகாசி.

முதல் வருடத்துக்குப் பேச்சு வருடம் என்று அவர்கள் பெயர் வைத்திருந்தார்கள். வேறு வேலையே கொடுக்க மாட்டார்கள். காலையில் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார் வந்து பாடம் சொல்வார். மதியம் கையில் ஒரு கூடையைக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். சந்தையில் எதையும் விரலால் சுட்டிக்காட்டக் கூடாது. வாயால் கேட்டு வாங்க வேண்டும். முதல் வாரம் உப்பு வாங்கப் போனவள் மூன்று நாள் வெறுங்கூடையோடு திரும்பினாளாம். சாப்பாட்டு மேசையில் யார் வாயிலாவது சொந்த மொழி வந்துவிட்டால் அன்றைக்குச் சட்டி பானை எல்லாம் அவர்தான் கழுவ வேண்டும். "உங்கிட்ட பேசிட்டுப் போனா நாக்குல தமிழே நிக்குதும்மா. போன வாட்டி உன்னால நாலு சட்டி" என்பாள்.

வீட்டுக்கு மாதம் ஒரு போன்தான் என்பதும் அந்த வருடத்து விதி. தாய்மொழி காதில் விழுந்துகொண்டே இருந்தால் புது மொழி இறங்காது என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அது கொடுமையாகத் தெரிந்தது. ஆனாலும் ஒவ்வொரு போனிலும் அவள் சொல்லும் பத்து வார்த்தையைக் கோயில் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் எழுதி வைப்பேன். சோற்றுக்கு என்ன, மழைக்கு என்ன, அக்காவுக்கு என்ன. நம் பணியாரக் கல் மாதிரியே ஒரு கல்லில் அரிசி மாவு ஊற்றிச் சுட்டுக் காலையில் விற்கிறார்கள் என்றாள். சோறு வடித்த பானையில் அடிப்பிடித்ததைச் சுரண்டாமல் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள் என்றாள். நானும் ஒரு நாள் செய்து பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, "சோத்தத் தீய வுட்டுட்டு இதுக்கு ஒரு பேரு வேற" என்றார்.

பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது குறுக்கே போக வேண்டியிருந்தால் உடம்பை வளைத்து, வலது கையைத் தாழ நீட்டி, 'அசஃபாடி' என்று சொல்லிக்கொண்டே போக வேண்டுமாம். மன்னியுங்கள், வழிவிடுங்கள், இரண்டும் அதுதான். அதை அவளுக்குப் பழக்கியதும் அந்த நேனிதான். ஈரத்துணிக் கூடையோடு சந்தை வரை கூடவே வருவாளாம். வார்த்தை வராமல் இவள் நின்றால் பேசாமல் பக்கத்தில் நிற்பாளாம். எடுத்துக்கொடுக்க மாட்டாளாம். வந்ததும் தொடையில் ஓங்கித் தட்டிச் சிரிப்பாளாம்.

அந்த ஞாயிறு மூன்று ஐம்பதுக்கு அவள் இன்னொன்றும் சொன்னாள். பேச்சு வருடம் முடிவதற்கு அடையாளமாக, அடுத்த மாதத் திருநாளில் ஊர் முழுக்கக் கூடியிருக்கும்போது எழுந்து நின்று பத்து நிமிடம் பேச வேண்டும். தாள் பார்க்கக் கூடாது. ஊர்ப் பெரியவர்கள் கேட்டுவிட்டுத் தலையசைத்தால் அன்றிலிருந்து அவள் அந்த ஊர்க்காரி. உள்ளே ஒரு கிராமத்தில் பள்ளிக்கூடம் தொடங்கப் போவாள். "நேனி முன்னாடி தெனம் பேசிக் காட்டறேம்மா. அவங்க துணிய அடிச்சிகினே கேப்பாங்க" என்றாள். அவள் குரல் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் கேட்டதில்லை. எனக்கு அது காதில் ஏறவில்லை. பதினோரு நாள், அரை நாள் படகு, இவை மட்டும்தான் ஏறின.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உழவர்கரையில் எங்கள் தெருவிலும் சுற்றியுள்ள தெருக்களிலும் பிரெஞ்சில் கடிதம் வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். சொல்தாக்களின் விதவைகள் பென்ஷன் நிற்காமலிருக்க வருடா வருடம் பிரெஞ்சு அரசுக்கு உயிரோடு இருப்பதாகச் சான்று அனுப்ப வேண்டும். ஏதாவது தவறிவிட்டால் மன்றாடி எழுத வேண்டும். இருபது வருடமாக அந்தக் கடிதங்களை எழுதுகிறேன். 'தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவரும் கௌரவம் பெறுகிறேன்' என்று தொடங்க வேண்டும். மூன்றாவது பத்தியில் உடல்நிலையைச் சொல்ல வேண்டும்: நாளுக்கு நாள் நலிகிறேன், வேறு துணை இல்லை. அந்தப் பத்திக்குத்தான் அதிகாரி கை அசையும். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். உண்மையாக இல்லாவிட்டாலும் நான் எழுதியிருக்கிறேன். அது எங்களுக்குப் பொய்யாகவே தோன்றாது. கடிதம் என்றால் அப்படித்தான்.

திங்கட்கிழமை காலை சபைத் தலைவிக்கு பிரெஞ்சில் எழுதினேன். முதல் பத்தி வணக்கம். இரண்டாவது, ஒரே மகளைக் கடவுளுக்குக் கொடுத்ததில் உள்ள மகிழ்ச்சி. மூன்றாவது பத்தி தானாக வந்தது. எனக்கு இதய நோய், நாளுக்கு நாள் நலிகிறேன், வேறு துணை இல்லை. நான்காவதில், மகளைப் பக்கத்தில் எங்காவது மாற்றினால் நன்றியோடு கண்ணை மூடுவேன் என்று முடித்தேன். ஒரு பிழை இல்லை. மெயிலில் அனுப்பிவிட்டுத்தான் காப்பி போட்டேன்.

வீட்டுக்காரர் முன்பு பஞ்சாலையில் இருந்தவர். ஆலை மூடிய பிறகு ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். சாயங்காலம் அவரிடம் சொன்னேன்.

"என்னான்னு எழுதுன?"

"ஒடம்பு சரியில்லன்னு."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

முதலில் சிரித்தார். "பேனாவ எடுத்தாலே உனக்கு நெஞ்சுவலி வந்துடுமே!" பிறகு என் முகத்தைப் பார்த்தார். "அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்."

"அவகிட்ட கேட்டியா?"

அவர் சட்டையை மறுபடியும் மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. அடுத்த முதல் ஞாயிறு வருவதற்கு முன்பே. தாயின் கண்ணீரைச் சபை அறியும், மகள் உடனே திரும்புவாள், உங்களுக்கு அருகில் உள்ள மடத்தில் பணியாற்றுவாள், அவள் இடத்துக்கு வேறொரு சகோதரி அனுப்பப்படுகிறார். பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது என்றும் இருந்தது. கிளம்பும் தேதியைப் பார்த்தேன். திருநாளுக்கு ஆறு நாள் முன்னால்.

அன்றைக்கு ஒரு சொல்தாவின் விதவை தன் கடிதத்துக்காக வந்து உட்கார்ந்திருந்தாள். என் மகள் வருகிறாள் என்றதும், "பாத்தியா! நீ எழுதுனா மூணே வாரம். உங் கைராசி யாருக்கு வரும்?" என்றாள். எழுந்து உள்ளே போய் அடுப்படியில் நின்றேன்.

இன்னொரு கடிதம் எழுதினேன். எனக்கு நோய் இல்லை, பயத்தில் பொய் சொன்னேன், அவளை அங்கேயே விடுங்கள். நாலே வரி. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, "அனுப்பு. இன்னும் நாள் இருக்கு" என்றார். நாளைக்கு என்றேன். மறுநாளும் நாளைக்கு என்றேன். அது இன்னும் என் போனில் அனுப்பாத கடிதங்களோடு கிடக்கிறது. வெட்கம் ஒரு காரணம்தான். அவள் வரப்போகிறாள் என்ற சந்தோஷம் மனதின் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு அனுப்ப விடவில்லை. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அவள் இருக்கும் மடம் இப்போது பஸ்ஸில் ஒரு மணி நேரம். நான் கேட்டது அப்படியே கிடைத்திருக்கிறது.

வருவதற்கு முன் வீடு முழுக்கக் கழுவினேன். ஒட்டடை அடித்தேன், திரைச்சீலையெல்லாம் துவைத்தேன். வீட்டுக்காரர் விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது, "வழியில நீங்க சொல்லிடுங்களேன்" என்று கெஞ்சினேன்.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீ எழுதுனது, நீயே வாயால சொல்லு" என்றார்.

காலை பதினோரு மணி இருக்கும். முக்காலி மேல் ஏறி, இரண்டு கையையும் தூக்கித் திரைச்சீலையை மாட்டிக்கொண்டிருந்தேன். கேட் திறக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். முக்காலியையும் என்னையும் பார்த்தாள். பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்து இறக்கினாள்.

"யாரும்மா உன்ன ஏறச் சொன்னது? நெஞ்சு படபடன்னு அடிக்குது பாரு. டாக்டர் என்னா சொன்னாரு?"

நாற்காலியில் உட்கார வைத்தாள். தண்ணீர் எடுக்க உள்ளே போகும்போது, கூடத்தில் உட்கார்ந்துவிட்டிருந்த அவள் அப்பாவுக்கு முன்னால் குனிந்து, கையைத் தாழ நீட்டிக்கொண்டு கடந்தாள். உதடு ஏதோ முணுமுணுத்தது. அவளுக்கே தெரியாமல் வந்தது அது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்கவில்லை. சொன்னேன். எனக்கு ஒன்றும் இல்லை, ஒருபோதும் இருந்ததில்லை, கடிதத்துக்காக எழுதினேன் என்று சொன்னேன். இருபது வருடமாக மற்றவர்களுக்கு அழகாக எழுதிக்கொடுத்தவளுக்கு அந்த மூன்று வரியைச் சொல்ல நாக்கு புரளவில்லை.

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். பையைத் திறந்து மடித்த துணி ஒன்றை எடுத்தாள். வெள்ளை, ஓரத்தில் பழுப்புக் கோடு. அந்த ஊர்ப் பெண்கள் தோளில் போர்த்திக்கொள்வது. பலமுறை துவைத்து மெத்தென்றிருந்தது. அதை என் மடியில் வைத்தாள்.

"நேனி குடுத்தாங்க. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப இதத்தான் போத்தி வுட்டாங்க. படகுத்துறை வரைக்கும் வந்தாங்கம்மா. உங்கம்மாவுக்குப் போத்து, பொழச்சிக்குவாங்க, எனக்கு நீ வேணும், ஆனா அவங்களுக்குத்தான் மொதல்லன்னு சொன்னாங்க."

துணியின் ஓரத்தை விரலால் நீவி விட்டாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழம மடத்துப் போன்ல பேசுவாங்க. உங்கம்மா பொழச்சிட்டாங்களான்னு கேப்பாங்க. நான் என்னான்னு சொல்லட்டும்? நீயே சொல்லும்மா. உனக்குத்தானே எழுத வரும்."