நாற்றங்காலுக்குக் கிடைத்த அருளாசி

இன்று நடந்ததைச் சத்தியம் செய்து சொல்கிறேன், ஒருவரும் நம்பப்போவதில்லை.

எங்கள் ஊர் ஆசிரமத்துக்குக் குருஜி எழுந்தருளினார். முன்னால் நூறு யானைகள். அவர் பாதம் தொடுவதற்காகக் காவிரியே கல்லணையை விட்டு எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பி ஓடியது.

அருளுரைக்கு நடுவே என் பக்கத்து வயல்காரர் செல்வராஜ் எழுந்தார்.

"சாமி, ஆசிரமத்து புது மதில் எங்க வாய்க்கால அடைச்சிருச்சுங்க. பத்து நாளா தண்ணி இல்ல, நாத்து காயுது."

குருஜி கண்மூடிப் புன்னகைத்தார். "தாகம் என்பதே மாயை, மகனே."

"அத நாத்துகிட்ட நீங்களே வந்து சொல்லிடுங்க சாமி."

சீடர்கள் செல்வராஜ் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைப் பிரசாதமாகத் திணித்து வாசலுக்கு வெளியே விட்டார்கள்.

யானையும் காவிரியும் என் கைச்சரக்கு. செல்வராஜ் அந்தப் பாட்டிலை நாற்றங்காலில் கவிழ்த்தது மட்டும் நிஜம். ஒரு பிடி நாற்றுக்குக்கூட அது போதவில்லை.