தளபதிக்குக் காட்டாத காட்சி

என் தம்பியைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவன் தளபதி. வேறு மொழியில் எடுத்த ஒரு தொலைக்காட்சித் தொடர். பறக்கும் நாகங்களும் மந்திர வாள்களும் நிறைந்த ராஜா ராணிக் கதை. அதில் ராணிக்குக் காவலாக நிற்கும் தளபதிக்குத் தமிழில் குரல் கொடுத்தவன் அவன். கதையில் மந்திரி, ராஜகுரு, ராஜாவின் கூடப்பிறந்தவன் என்று எல்லோரும் விலைபோனார்கள். தளபதி மட்டும் வளையவில்லை. “தளபதி உள்ள வந்தா என் தராசே நடுங்குது” என்பார் மளிகைக் கடைக்காரர்.

அவன் வேலைக்குக் கிளம்பும்போது எல்லாவற்றையும் நான்தான் பார்ப்பேன். பருத்திச் சட்டைதான் போட வேண்டும். மற்றதெல்லாம் மைக்கில் சரசரக்கும். சட்டைப்பையில் சாவி, சில்லறை எதுவும் கூடாது. ஃபிளாஸ்கில் வெந்நீர். எவ்வளவு நீளமான வசனமானாலும் ஒரே டேக்கில் முடித்துவிடுவான் என்று டப்பிங் இயக்குநரே என்னிடம் சொன்னார். அதை நான் வேண்டியவர், வேண்டாதவர் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

அந்த வேலையில் யாரும் சேர்ந்து நின்று பேசுவதில்லை. ஒவ்வொருவராக உள்ளே போய், தம் பாத்திரம் வாயசைக்கும் துண்டுகளை மட்டும் திரையில் பார்த்துப் பேசிவிட்டு வர வேண்டும். முன்னும் பின்னும் என்ன கதை என்பதை இயக்குநர் சொன்னால்தான் உண்டு. ராணிக்குக் குரல் கொடுத்த அம்மாளைத் தம்பி பார்ப்பதெல்லாம் வெளியே கிடக்கும் பெஞ்சில்தான். படுத்த படுக்கையான கணவரை அந்தக் குரலை வைத்தே காப்பாற்றி வந்தவர். தம்பி அவரை ராணியம்மா என்பான்.

ஒருநாள் இயக்குநர் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டார். குரல்களைச் சேர்த்துவைக்கப் புது மெஷின் வந்திருக்கிறதாம். எல்லோரும் வந்து பக்கம் பக்கமாக வாசித்துக் கொடுக்க வேண்டுமாம். யாருக்காவது தொண்டை கட்டிக்கொண்டால் ஒன்றிரண்டு வார்த்தை நிரப்பத்தான், வேறொன்றுக்கும் இல்லை என்றாராம். மற்றவர்கள் தயங்கினார்கள். தம்பி பெஞ்சருகே நின்று, யாருக்கும் வேலை போகாது, நான் இருக்கிறேன் என்று பேசினான். ராணியம்மா சிரித்தாராம்.

“மெஷினை நம்பி வரலப்பா. உன்னை நம்பித்தான் வரேன்.”

எல்லோரும் வாசித்துக் கொடுத்தார்கள்.

அதன் பிறகு ஒரு மாலை, வீட்டில் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோட்டை எரிகிறது. தளபதி ராணியைச் சுரங்கப் பாதையில் கூட்டிப்போகிறான். “அஞ்சாதீர்கள் மகாராணி, என் பின்னால் வாருங்கள்.” தம்பியின் குரலைக் கேட்டு எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாதை முடிந்த இடத்தில் எதிரிப்படை நின்றது. தளபதி ஒதுங்கி ராணிக்கு வழிவிட்டு, அவர்கள் நீட்டிய மோதிரத்தை வாங்கி மாட்டிக்கொண்டான். அங்கே அவனுக்கு வசனம் இல்லை. அதனால் அந்தத் துண்டைத் தம்பிக்குக் காட்டவே இல்லை.

காலையில் எதுவும் சாப்பிடாமல் கிளம்பினான். ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். இயக்குநர் சந்தோஷமாகத்தான் இருந்தார்.

“முன்னாடியே சொல்லியிருந்தா உன் குரல்ல கள்ளம் வந்திருக்கும்டா. இப்ப பாரு, ஊரே நம்பி ஏமாந்துச்சு.”

தம்பி ஒன்றுதான் கேட்டான்.

“மெஷின் விஷயத்தையும் அதுக்குத்தான் மறைச்சீங்களா, சார்?”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, யார் போனாலும் உனக்கு இங்கே மைக் உண்டு என்றார். தம்பி எல்லோருடைய பதிவையும் அழிக்கச் சொன்னான். அது இனி தன் கையில் இல்லை என்று சொல்லிவிட்டார்.

தம்பி பயந்தபடிதான் நடந்தது. அடுத்த பாகத்தில் ராணி ராணியம்மாவின் குரலில் அழுதாள். மெஷினே பேசிவிட்டது, ராணியம்மாவை யாரும் கூப்பிடவில்லை. மற்றவர்களுக்கும் அதே கதிதான். தம்பி அந்தப் பக்கமே போகாமல், ஒரு கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலையில் சேர்ந்துகொண்டான். அங்கேயும் அவனைத் தளபதி என்கிறார்கள். கேலியாக.

பார்வையற்றோர் பள்ளி ஒன்றில் பாடங்களை வாசிக்கப் பெண்குரல் தேவை என்று போன வாரம் விசாரித்து வந்தான். ராணியம்மாவுக்குப் போன் போட்டான். “அம்மா” என்று இவன் சொன்னதுமே துண்டித்துவிட்டார். மறுபடி போட்டு என் கையில் கொடுத்தான்.

“நீ சொல்லுக்கா. நான் விசாரிச்சேன்னு மட்டும் சொல்லிடாத.”

சொன்னேன். விலாசத்தை நிதானமாகக் கேட்டு எழுதிக்கொண்டார். நிஜமான வேலைதானா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தம்பி என் எதிரில் நின்று, ஒவ்வொரு முறையும் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினான்.