மதகடி அயிரை

கூலிப் போராட்டத்தில் என் கணவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனபோது எனக்கு ஐந்தாம் மாதம். சோற்றைக் கண்டாலே குமட்டியது. அயிரைமீன் குழம்பை நினைத்தால் மட்டும் நாக்கில் நீர் ஊறியது.

ஆற்றில் புதுத் தண்ணீர் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. எங்கள் தெருவில் யாரும் நடவுக்கு இறங்கவில்லை. மிராசுதார் வெளியூர் ஆட்களைக் கூட்டிவரப் போகிறார் என்று பேச்சு. தகராறு வரும் என்று வாய்க்கால் மதகில் ஒரு போலீஸ்காரரை நிறுத்தியிருந்தார்கள். அயிரை கிடப்பதும் அந்த மதகடியில்தான். பலகைக்குக் கீழே தண்ணீர் பீறிட்டு விழும் இடத்தில், சுண்டுவிரல் நீளத்தில், ஓட்டத்துக்கு எதிராக முகத்தை வைத்துக்கொண்டு மணலில் புதைந்து கிடக்கும்.

ஒரு நாள் காலையில் சட்டியோடு போனேன். போலீஸ்காரர் எழுந்து நின்றார். சின்ன வயசு.

"எங்க போறீங்க?"

எங்கள் தெருப் பெண்களை அந்த உடுப்புக்காரர்கள் அப்படி 'ங்க' போட்டுக் கேட்டு நான் அறிந்ததில்லை.

"மீன் புடிக்கங்க."

என் வயிற்றைப் பார்த்தார். ஒதுங்கி வழி விட்டார்.

முழங்கால் வரை இறங்கி முந்தானையை விரித்தேன். தண்ணீரின் இரைச்சலில் போராட்டம், போலீஸ், சிறை எல்லாம் எங்கோ தூரத்தில் போய்விட்டன. காலடியில் மணல் கரைந்துகொண்டே இருந்தது. விரலிடுக்கில் அயிரைகள் நுழைந்து நழுவின. கண்ணை மூடினேன். நிற்கிறேனா, தண்ணீரோடு போய்க்கொண்டிருக்கிறேனா என்று தெரியவில்லை. அப்போதுதான் வயிற்றுக்குள்ளும் ஒன்று நெளிந்தது. முதல் தடவை. "ஐயோ" என்று கத்திவிட்டேன்.

"என்னாச்சுங்க? முள்ளு குத்திடுச்சா?"

"இல்லங்க, புள்ள அசையுது."

அவர் தண்ணீரைப் பார்த்தார். "எங்க ஊரு ஆத்துல மணலுதான் இருக்கும்" என்றார். பூட்ஸைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டார். அயிரை உரச, கூச்சத்தில் சிரித்துவிட்டார்.

மிராசுதாரின் காரியக்காரர் சைக்கிளில் வந்தார். "என்னா சார் இது? அவள மேல ஏத்துங்க. மதகு மீனு எங்க ஐயாவுது."

"புள்ளத்தாச்சிங்க. புடிச்சிக்கிட்டுப் போவட்டும்."

"மேல சொல்லிடுவேன்."

"சொல்லுங்க."

அன்று அயிரையை உப்புத் தண்ணீரில் விட்டு, மண்ணைக் கக்க வைத்து, புளி கரைத்துக் குழம்பு வைத்தேன். இரண்டு தட்டு சாப்பிட்டேன். மறுநாள் மதகில் வேறொரு போலீஸ்காரர் நின்றார். என்னைக் கிட்டேயே விடவில்லை. முதல் ஆளை எங்கே மாற்றினார்கள் என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை.

கூலி பேசி முடிந்ததும் என் கணவரை விட்டார்கள். இளைத்துப்போய் வந்தார். நடந்ததைச் சொன்னேன். என் வயிற்றின்மேல் கையை வைத்தார். பிள்ளை அசையவே இல்லை.

"தூங்குது போல" என்றேன்.

"தூங்கட்டும்" என்றார். கையை மட்டும் எடுக்கவில்லை.