வெங்கிட்டு மாமாவின் பன்னிரண்டு நிமிடம்

கொச்சங்காடியில் மிளகு ஏற்றுமதி செய்யும் எங்கள் அலுவலகத்தில் வெங்கிட்டு மாமாவுக்கு எதிர் மேஜை என்னுடையது. அவர் தினமும் பட்ட அவஸ்தையை முழுதாகப் பார்த்தவன் நான்தான்.

கப்பல் காகிதங்கள் அடிக்கும் மென்பொருள் அரதப்பழசு. புதுக் கம்ப்யூட்டரில் ஓடாது. அதனால் புதுசுக்குள்ளேயே பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் குடிவைத்திருந்தார்கள். வர்ச்சுவல் மிஷின் என்று பெயர். காலையில் சமர்த்தாகத் திறக்கும். மாலை ஐந்து மணிக்கு மூடச் சொன்னால் பன்னிரண்டு நிமிடம் அடம்பிடிக்கும். ஒருமுறை மாமா பொறுமையிழந்து பிளக்கைப் பிடுங்கினார். ஒரு கண்டெய்னரின் காகிதம் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டிவந்தது. அதிலிருந்து கம்ப்யூட்டரின் விளக்கு அணையும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. அக்கரைக்குப் போகும் ஐந்தேகால் மணி எர்ணாகுளம் போட் அவரில்லாமலே போகும்.

மாமா செய்யாத வைத்தியமில்லை. மெமரி கூட்டினார், யுபிஎஸ் மாற்றினார், சந்தனம் குங்குமம்கூட வைத்துப் பார்த்தார். கம்ப்யூட்டர் பொட்டோடு அடம்பிடித்தது.

இந்த நவராத்திரியில் விஷயம் முற்றியது. அவர் மனைவி அனந்தலக்ஷ்மி மாமி வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு எர்ணாகுளத்தில் ஒரு கோவிலில் பாடுவதாக இருந்தது. முந்தைய இரண்டு வருடமும் மாமா போய்ச் சேர்வதற்குள் கச்சேரி முடிந்துவிட்டது.

“மாமி கோச்சுண்டாளா?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் சொல்லலைடா. அதாக்கும் எனக்கு பயம்” என்றார். எனக்கே பாவமாகப் போய்விட்டது.

வெள்ளி மத்தியானம் கம்ப்யூட்டர் பார்க்கும் ஸ்ரீநாத் வந்தான். எதையும் தொடவில்லை. “மாமா, எப்பவும் போல மூடுங்கோ, பாக்கறேன்.”

மாமா உள் கம்ப்யூட்டரின் திரையைச் சுருக்கி ஓரங்கட்டிவிட்டு, வெளிக் கம்ப்யூட்டரை மூடச் சொன்னார். ஸ்ரீநாத் உடனே உள் திரையை விரித்தான். நடுவில் ஒரு சின்னக் கட்டம்: ‘பஞ்சாங்கத்தை மூடலாமா? ஆம். இல்லை.’

ராகு காலம் பார்க்காமல் மாமா ஒரு காகிதமும் அனுப்ப மாட்டார். அதற்காக யாரிடமும் சொல்லாமல் பஞ்சாங்கம் ஒன்றை உள்ளே ஏற்றிவைத்திருந்தார். அது தினமும் மரியாதையாக உத்தரவு கேட்கும். பதில் சொல்ல ஆளில்லை. பன்னிரண்டு நிமிடம் பொறுத்துவிட்டு, வெளிக் கம்ப்யூட்டர் அதைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளும்.

“ஆரு மாமா இதை இங்க வச்சது?” என்றான் ஸ்ரீநாத்.

“ராகு காலம் தெரியாம எப்படிடா சரக்கை விடறது?” என்றார் மாமா, மேஜையைப் பார்த்துக்கொண்டே.

“பாத்துக்கோங்கோ. ஆனா முதல்ல அதை மூடிட்டு அப்பறம் கம்ப்யூட்டரை மூடுங்கோ. அவ்வளவுதான், அத்ரயேயுள்ளு.”

அன்று மாலை இருபது நொடியில் விளக்கு அணைந்தது. ஐந்தேகால் போட்டில் முதல் ஆளாக ஏறியவர் மாமாதான்.

மறுநாள் ஆவலாகக் கேட்டேன்.

“முன்வரிசைலே உக்காந்து தாளம் போட்டேன். என்னைப் பாத்ததும் அவளுக்கு ரெண்டு வரி விட்டுப்போச்சு.”

“மாமி ஏதாவது சொன்னாளா?”

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“‘கேட்டேளா, ரெண்டு வருஷமா நான் எத்தனை நிம்மதியாப் பாடிண்டிருந்தேன் தெரியுமோ’ன்னா.”