மணவறைப் படியில் மண்டையோடு

சுவிஸில், லாங்கன்தாலில் எங்கள் ஆட்களிடம் சிவதர்சினி என்று பெயர் சொன்னால் ஒரு கணம் யோசிப்பார்கள். பிறகு, "ஓ, அந்த மண்டையோடு செய்யிற மனுசியோ?" என்பார்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ கல்யாணங்களுக்கும், பெட்டைகள் பெரியபிள்ளையானால் வைக்கிற சாமத்தியவீடுகளுக்கும் மணவறை செய்து கொடுத்தவள் அவள். அதை ஒருவரும் சொல்லமாட்டார்கள். சனத்தின் ஞாபகசக்தியை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் செசீலியா, மன்னார்ப் பக்கத்து வேதக்காரி. பிஸ்கட் தொழிற்சாலையில் அவளும் நானும் எதிரெதிரே நின்று பெட்டி அடுக்குகிறவர்கள். வாய் எனக்கு, கை அவளுக்கு என்று எங்களோடு வேலை செய்கிறவர்கள் பகிடி விடுவார்கள். உண்மைதான். வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் அவள் கெல்லருக்குள் இறங்கிவிடுவாள். அந்த நிலவறையில்தான் அவளுடைய ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பலகைகள், சூட்டுக்கம்பி, வண்ண வாளிகள் எல்லாம் இருக்கும். வெள்ளைப் பலகையில் சூட்டுக்கம்பியை ஓடவிட்டால் கொஞ்ச நேரத்தில் ஓர் அன்னம் கழுத்தை வளைத்துக்கொண்டு வெளியே வரும். தாமரை வரும், யானைத் தலை வரும், தூண் வரும். சனி ஞாயிறுகளில் நானும் போய் முத்து ஒட்டிக் கொடுப்பேன்.

அவளுடைய கல்யாணத்துக்கு மணவறை இருக்கவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் சாவகச்சேரியிலிருந்து அகதியாக வந்து சேர்ந்தாள். அகதி விடுதியின் பொதுச் சமையலறையில் வைத்துத்தான் அருட்செல்வன் அவளுக்குத் தாலி கட்டினார். படம் ஒன்று இருக்கிறது. மாப்பிள்ளை பொம்பிளைக்குப் பின்னால் பெரிய குளிர்சாதனப் பெட்டி, அதற்கு மேலே யாரோ வைத்த வெங்காயப் பை. "எங்கட மணவறைக்கு உள்ளுக்கு லைற்றும் இருந்தது அக்கா, கதவைத் திறந்தா எரியும்" என்று சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். மகள் லக்சாயினி பிறந்ததிலிருந்து அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான். பிள்ளையின் மணவறையைத் தன் கையால் செய்ய வேண்டும். வேறு எதற்கும் அவள் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஹலோவீன் வியாபாரம் ஒரு பிழையில் தொடங்கியது. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு தங்கநிற ஸ்ப்ரே வாங்கித் தூண் ஒன்றுக்கு அடித்தாள். அந்த மருந்து ரெஜிபோமைத் தின்றுவிட்டது. தூண் முழுக்கக் குழி குழியாகி, காலமெல்லாம் மழையில் நனைந்த பழங்கல்லைப் போல ஆகிவிட்டது. அவள் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்த நேரம், உடுப்புத் தோய்க்கக் கெல்லருக்கு வந்த கீழ்வீட்டுச் சுவிஸ்காரி ஃபிராவ் லூத்தி எட்டிப் பார்த்தாள். இது கல்லறைக் கல்லா, எவ்வளவு வடிவாக இருக்கிறது, ஹலோவீனுக்கு என் தோட்டத்தில் வைக்கத் தருவாயா என்று கேட்டாள். சிவதர்சினி தூணை வெட்டி, சாம்பல் வண்ணத்தில் மணல் கலந்து பூசி, மேலே ஒரு காகத்தையும் இருத்திக் கொடுத்தாள். லூத்தி மனுசி மறுபேச்சில்லாமல் காசைக் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

அது புரட்டாதி மாதம். புரட்டாதியில் சைவக்காரர் கல்யாணம் வைக்கமாட்டார்கள். மணவறைக்காரிக்கு அது ஈயோட்டுகிற மாதம். சுவிஸ்காரருக்கோ அப்போதுதான் பேய் பிடிக்கத் தொடங்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு புரட்டாதியும் அந்தக் கெல்லர் பேய்களின் பிரசவ அறை ஆனது. தொழிற்சாலையில் எறிகிற பொதிநுரையில் மண்டையோடு, முட்டைப் பெட்டியில் வௌவால், என்னுடைய கிழிந்த காலுறையில் சிலந்தி, பழைய படுக்கை விரிப்பில் ஆவி. செலவென்று பார்த்தால் பசையும் வண்ணமும்தான். சனிக்கிழமைகளில் பழஞ்சாமான் சந்தையில் ஒரு மேசை போட்டோம். கூவி விற்கிறது என் வேலை. கடையில் தொங்குகிற பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைவிட அவளுடைய சாமான் மலிவு, பார்த்தால் பயமும் அதிகம். மத்தியானத்துக்குள் மேசை வெறுமையாகிவிடும்.

அந்த லாபத்தில் அவள் தனக்கென்று ஒரு சட்டைகூட வாங்கவில்லை. எல்லாம் லக்சாயினியின் மணவறைக்கு. ரெஜிபோமைத் தின்னாத நல்ல தங்க வண்ணம், தடித்த பலகைகள், இந்தியாவிலிருந்து சிவப்புப் பட்டுத் துணி. "பேய் வித்த காசில மணவறை" என்று நான் சீண்டுவேன். "பேய் மனிசரைவிட நல்லது அக்கா, சொன்ன விலைக்கு வாங்க வைக்கும்" என்பாள்.

லக்சாயினிக்குப் பேர்ணில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. கோபிசன் என்ற பொடியனை அவளே விரும்பி, இரண்டு வீடும் சம்மதித்து, அடுத்த ஆவணியில் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள். சிவதர்சினி அந்த ஒக்டோபரிலேயே மணவறையைத் தொடங்கிவிட்டாள். முன்படிகள், நாலு தூண்கள், பின்னால் அரைவட்டமாக ஒரு பெரிய வளைவு. வளைவு முழுக்க மாங்காய்ப் பூவேலை. அதற்குத் தங்கம் பூசி நிறுத்தியபோது எனக்கே கும்பிட வேண்டும் போல இருந்தது. இரண்டு தொழிலையும் அவள் கலந்ததே இல்லை. மணவறைத் தூரிகையைப் பேய் வண்ணத்துக்குள் தோய்க்கமாட்டாள்.

ஆனால் ஒரு நாள் கெல்லரில் தண்ணீர்க் குழாய் கசிந்து தரையெல்லாம் ஈரம். புதிதாய் வண்ணம் பூசிய மண்டையோடுகளை வைக்க இடமில்லை. காயட்டும் என்று மணவறைப் படிகளில் வரிசையாக வைத்துவிட்டு, கடைசி ஒன்றுக்குப் பல் செதுக்கிக்கொண்டிருந்தாள். அன்று பின்னேரம் பேர்ணிலிருந்து வந்த லக்சாயினிக்கு அந்தக் காட்சி பெரிய பகிடியாக இருந்தது. கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்து, "என் அம்மா எதையும் செய்வா" என்று ஜெர்மனில் எழுதி இணையத்தில் போட்டாள். பெருமையோடுதான் போட்டாள். அவளுடைய சுவிஸ் சிநேகிதிகள் எல்லாம் வாயாரப் புகழ்ந்தார்கள்.

இரண்டு நாளில் வீடியோ எங்கள் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்து சேர்ந்தது. லக்சாயினி எழுதியது வரவில்லை. வேறு யாரோ புண்ணியவான் எழுதியதுதான் வந்தது. "மணவறையில மண்டையோடு. இந்த மனுசியிட்டையோ உங்கட பிள்ளையளின்ர நல்ல காரியத்தைக் குடுக்கிறியள்?"

மணவறைக்குச் சொல்லி வைத்திருந்தவர்களில், சோஃபிங்கனில் ஒரு சாமத்தியவீட்டுக்காரர் முதலில் தொலைபேசி எடுத்தார்கள். மண்டபக்காரரே அலங்காரம் தருகிறார்களாம். பூர்க்டோர்வில் நடக்கவிருந்த கல்யாணத்துக்குத் திகதி மாறிவிட்டதாம். உண்மையைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஒரே ஒருத்திக்கு வந்தது. சிவதர்சினியின் மணவறையில் கல்யாணம் கட்டி, பிறகு பிரிந்துபோன ஒரு பெட்டையின் தாய். "இப்பதான் காரணம் விளங்குது" என்று சொல்லிவிட்டு வைத்தாள். மருமகன் இன்னொருத்தியோடு போனதற்கும் ரெஜிபோமுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த மனுசியிடம் கேட்க எனக்கு வாய் துடித்தது. சிவதர்சினி நம்பரைத் தரவில்லை.

அந்த ஒக்டோபர் முப்பத்தொன்று இரவு, இதே ஆட்களின் பிள்ளைகள் எலும்புக்கூடு போட்ட சட்டையோடு இனிப்புக் கேட்டு வீடு வீடாக வந்தார்கள். தாய்மார் படம் பிடித்துப் போட்டார்கள். சீனாவிலிருந்து பெட்டியில் வந்த எலும்புக்கூட்டுக்குத் தோஷம் இல்லை. சிவதர்சினியின் கையில் பிறந்ததற்குத்தான் தோஷம். தூ!

டிசம்பரில், நத்தாருக்கு முன், கோபிசனின் தாய் தவமலர் பலகாரத் தட்டோடு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். தேத்தண்ணி குடித்து முடியும்வரை வெயில் குளிர் எல்லாம் கதைத்தாள். பிறகு மெல்லத் தொடங்கினாள்.

"நாங்கள் உதுகளெல்லாம் பாக்கிற ஆக்கள் இல்லை சம்பந்தி. ஆனா சனம் கதைக்கும் என்ன? சூரிச்சில ஒருத்தர் செய்யிறார். எல்லாம் அவரே கொண்டுவந்து பூட்டுவார். நீங்கள் பொம்பிளையின்ர தாய், அண்டைக்கு ஏன் கஷ்டப்படுவான்?"

"கஷ்டமில்லை. அரைவாசிக்கு மேல முடிஞ்சுது. கீழதான் நிக்குது, வந்து ஒருக்காப் பாருங்கோவன்" என்றாள் சிவதர்சினி. அவள் குரலில் அவ்வளவு கெஞ்சல் இருந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"ஐயோ வேண்டாம். நான் உதைப் பாக்கேல்லை" என்று தவமலர் எழும்பிவிட்டாள். கீழே பிணம் கிடக்கிறது என்று சொன்னால்கூட ஒருத்தி அப்படி எழும்பமாட்டாள்.

அருட்செல்வன் நல்ல மனுசன், ஆனால் சண்டை என்றால் பத்தடி தள்ளி நிற்பவர். "சனத்தோடதானே இருக்க வேணும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். சிவதர்சினி மகளுக்காகக் காத்திருந்தாள். வேறு யார் சொன்னாலும் பரவாயில்லை, பிள்ளை விட்டுக்கொடுக்கமாட்டாள் என்று நம்பினாள். நாங்கள் இருவரும் வளைவுக்கு முத்து ஒட்டிக்கொண்டிருந்தபோது லக்சாயினி கெல்லருக்கு இறங்கி வந்தாள். படிக்கட்டடியிலேயே நின்றாள்.

"அம்மா, நான் கோபிசனோட கதைச்சனான். அவன் தன்ர அம்மாவோட சண்டை பிடிக்கமாட்டான்."

"நீ என்ன சொன்னனி?"

"நான் என்னத்தைச் சொல்லுறது? ஒரு நாள்தானேம்மா. பிறகு கழட்டி வைக்கிற சாமான்தானே. எனக்கு அது வேண்டாம், விடுங்கோ."

"வீடியோவைப் போட்டது நீதானேடி" என்றேன் நான். பொறுக்க முடியவில்லை.

"நான் நல்லதுக்குத்தானே போட்டனான் அன்ரி" என்று அவள் அழத் தொடங்கினாள். தாய் அழ வேண்டிய அழுகையை மகள் அழுதாள். சிவதர்சினிக்குப் பிள்ளையைத் தேற்றுகிற வேலைதான் மிஞ்சியது. விரல்களெல்லாம் பசையோடு அவள் மகளின் தலையைத் தொடாமல் முழங்கையால் அணைத்துக்கொண்டு நின்றாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. சூரிச் மணவறை மேடை முழுக்க மின்னியது. பிளாஸ்டிக் பூவும் விளக்கும் தவிர அதில் எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை. பொறாமையில் சொல்கிறேன் என்று நினைத்தால் நினையுங்கள். ஒரு தூண் சாய்ந்து நின்றது. சிவதர்சினியின் கண் அதிலேயே இருந்தது. ஐயர் வருவதற்கு முன் அவள் மேடையில் ஏறி, தூணை நிமிர்த்தக் கை நீட்டினாள். தவமலர் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கோ சம்பந்தி. நீங்கள் தொடாதேங்கோ."

படப்பிடிப்பாளர் நின்றபடியால் சிரித்துக்கொண்டே சொன்னாள். சிவதர்சினியும் சிரித்துவிட்டு இறங்கினாள். கல்யாண அல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. சம்பந்திகள் கை கோத்து எவ்வளவு ஒற்றுமை என்று பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள்.

அடுத்த புரட்டாதி வந்தது. கல்யாணமோ சாமத்தியவீடோ ஒரு ஓடர்கூட அவள் கையில் இல்லை. ஒரு சனிக்கிழமை நான் போனபோது அவள் சூட்டுக்கம்பியை எரியவிட்டு, மகளின் மணவறைத் தூணைக் கிடத்தி வைத்திருந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"விடுங்கோ அக்கா. நல்ல பலகை. காசு குடுத்து வாங்கினது" என்றாள்.

தூண்கள் சின்னக் கல்லறைகள் ஆயின. அரைவட்ட வளைவை நடுவில் பிளந்து இரண்டு பெரிய கல்லறைகள் செய்தாள். மாங்காய்ப் பூவேலையை அந்தப் பழைய ஸ்ப்ரேயை அடித்துத் தின்னவிட்டாள். தங்கத்துக்கு மேல் சாம்பல் பூசினாள். நான் மணலைக் கலக்கிக் கொடுத்துக்கொண்டு, கர்த்தரே, இந்தச் சனத்துக்கு ஒரு கேடு வராதா என்று மனதுக்குள் திட்டினேன். அந்த வருடம் சந்தையில் என்றைக்கும் இல்லாத வியாபாரம்.

ஒக்டோபர் கடைசியில் லக்சாயினி வந்தாள். கோபிசன் வெளியே காரில் இருந்தான். புது வீட்டில் ஹலோவீன் பார்ட்டி வைக்கிறார்களாம்.

"கோபிசனின்ர ஒபிஸ் ஆக்கள் வருகினம் அம்மா. தவமலர் மாமியும் வந்து நிக்கிறா. சூனியக்காரித் தொப்பியெல்லாம் வாங்கி வைச்சிருக்கிறா, பாத்தீங்கள் எண்டாச் சிரிப்பீங்கள். இந்தப் பெரிய ரெண்டையும் கொண்டுபோகட்டே?"

சிவதர்சினி தலையாட்டினாள். லக்சாயினி ஒரு கல்லறையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இதின்ர பின்பக்கம் கோல்ட் கலர் தெரியுது. பல்கனியில வைச்சா வடிவில்லை. அதையும் பூசித் தாங்கோவன்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். நடிக்கவில்லை. அது எதிலிருந்து வந்தது என்று அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. வீடியோ எடுத்த அன்றும் சரி, படிக்கட்டடியில் நின்ற அன்றும் சரி, அவள் மணவறையைக் கிட்ட வந்து பார்த்ததே இல்லையே. நான் வாயைத் திறக்க, சிவதர்சினி கண்ணால் என்னை அடக்கினாள். தூரிகையை எடுத்து, மூலை முடுக்கு விடாமல், தங்கம் ஒரு பொட்டும் தெரியாதபடி இரண்டையும் பூசினாள். காயும்வரை மகள் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"ரெண்டும் அறுபது பிராங்" என்றாள் சிவதர்சினி.

லக்சாயினி சிரித்தாள். "பகிடி விடாதேங்கோ அம்மா. எனக்குமோ காசு?"

"ஓம். உனக்குச் சும்மா தாறதுக்கெண்டு ஒண்டு செய்தனான். நீ வேண்டாம் எண்டிட்டாய்."

லக்சாயினியின் சிரிப்பு நின்றுவிட்டது. கல்லறையைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள், கெல்லரின் வெறும் மூலையைப் பார்த்தாள். பிறகு கைத்தொலைபேசியில் காசை அனுப்பினாள். சிவதர்சினி தன் தொலைபேசியை எடுத்து, காசு வந்துவிட்டதா என்று பார்த்தாள். வந்திருந்தது. கல்லறைகளைக் காருக்குக் கொண்டுபோக மகளுக்கு ஒரு கை கொடுத்தாள்.